போன பூனையும் வந்த பூனையும்

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் மார்க்கக் கேள்விகளுடன் காத்து நிற்போர் பலர். ஜகாத்தின் கணக்கைக் கேட்பார்கள். சொத்துப் பாகப் பிரிவினையைக் கேட்பார்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதைப் பற்றிக் கேட்பார்கள். வளர்த்த பூனை மாண்டுபோய் மூன்று நாட்களாக வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று எவரும் எழுந்து சொல்வதில்லை. சொன்னால் நகைப்பார்கள் என்னும் கூச்சம். ஆயினும் அந்தக் கேள்வி வேறு வழிகளில் வந்து சேரத்தான் செய்கிறது. ஓத வரும் பிள்ளைகளின் வாயிலாக வரும். கதவுக்குப் பின்னால் நின்று பேசும் தாய்மார்களின் வாயிலாக வரும். வாயில்லா ஜீவனுக்காக அழுவது குற்றமா என்பது முதற் கேள்வி. சில வாரங்கள் சென்றபின் இன்னொரு கேள்வி வரும். அது இன்னும் தணிந்த குரலில் வரும். அது இருந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பது அதற்கு இழைக்கும் துரோகம் ஆகாதா?

இரண்டில் கடினமானது இரண்டாவதுதான். முதற் கேள்விக்கான விடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே திருமதீனாவில், ஒரு வீட்டில் கிடைத்துவிட்டது.

அபூ தல்ஹா (ரலி), உம்மு ஸுலைம் (ரலி) தம்பதியர் வாழ்ந்த வீடு அது. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்து வளர்ந்த அனஸ் (ரலி) அவர்கள், உம்மு ஸுலைமுக்கு முதற் கணவர் வழியில் பிறந்த மைந்தர். அவருக்குத் தாய்வழித் தம்பி ஒருவர் இருந்தார். பால்குடி மறந்த பருவம். அந்தச் சின்னஞ்சிறுவரைப் பெரிய மனிதரைப் போல் ‘அபூ உமைர்’ என்று பட்டப்பெயரிட்டு அழைத்தார்கள். அவர் விளையாடுவதற்கு ஒரு பறவை வைத்திருந்தார். அதன் இனம் ‘நுகர்’. சிட்டுக்குருவியைப் போன்று சிவந்த அலகு கொண்டது என்று அரபு அகராதியாளர்கள் எழுதுகிறார்கள். செல்லமாகக் குறுக்கினால் ‘நுகைர்’. ஒருநாள் பெருமானார் அவ்வீட்டுக்கு வந்தபோது சிறுவர் வாடிய முகத்துடன் இருந்தார். காரணம் வினவினார்கள். குருவி இறந்துவிட்டது என்று வீட்டார் கூறினர். உடனே நாயகம் அவர்கள் சிறுவரை அவரது பட்டப்பெயர் சொல்லி அழைத்து, அந்த நுகைர் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். உமைர், நுகைர் என்று இரு பெயர்களும் எதுகைபோல் இயைந்து ஒலிக்க, பாதி அனுதாபமும் பாதி விளையாட்டுமாக அந்த வினா அமைந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

இவ்வளவு சின்னச் செய்தியை ஏன் பதிந்து வைத்தார்கள் என்று அக்காலத்திலேயே சிலர் இகழ்ந்தார்கள். பயனற்றவற்றை அறிவிப்பவர்கள் என்று ஹதீஸ் கலையினரைப் பழிப்பதற்கு இந்தக் குருவிச் செய்தியையே எடுத்துக்காட்டினார்களாம். நம் ஷாபிஈ மத்ஹபின் முன்னோடி அறிஞர்களுள் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் – ஹிஜ்ரி 335ல் மறைந்தவர் – அதற்கு விடையாக ஒரு தனி நூலே எழுதினார். அந்த ஒரு ஹதீஸிலிருந்து சட்டமும் ஒழுக்கமுமாக அறுபது பயன்களை எடுத்துக் காட்டினார். குழந்தைக்குப் பட்டப்பெயர் சூட்டலாம், பறவையைத் துன்புறுத்தாமல் குழந்தை அதனுடன் விளையாடலாம், நகைச்சுவை ஆகும், எளியோர் வீட்டுக்குத் தலைவர் செல்லலாம் என்று அது விரிந்துகொண்டே போகும்.

அந்த அறுபதுடன் ஒன்றைக் கூட்ட நான் துணியேன். எனினும் தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று என் கண்ணை விட்டு அகல்வதில்லை. குருவி இறந்த செய்தியை வீட்டார் சொல்லிவிட்டார்கள். விடை தெரிந்த பின்னரும் நாயகம் அவர்கள் அந்தக் குழந்தையிடம் வினவுகிறார்கள். இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போவதைத் தமிழர்களாகிய நாம் என்ன சொல்கிறோம்? ‘துக்கம் விசாரித்தல்’ என்கிறோம்; ‘துக்கம் கேட்டல்’ என்கிறோம். போகிறவனுக்கு நடந்தது தெரியும், தெரிந்துகொண்டேதான் போகிறான். ஆனாலும் ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்கிறான். இழந்தவன் தன் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும் என்பதற்காகவே அந்தக் கேள்வி. பால் மறந்த பாலகனிடம், ஒரு குருவிக்காக, பெருமானார் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். ‘இதற்கா அழுகிறாய்?’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘வேறொன்று பிடித்துத் தருகிறேன்’ என்று சொன்னதாகவும் எந்த அறிவிப்பிலும் காணோம்.

மனிதர்கள் பசியாலும் போராலும் மாண்டுகொண்டிருக்கும்போது மிருகத்துக்காகக் கண்ணீரா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நோக்கத்தோடு கேட்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் இரக்கத்தைக் கைப்பணமாகக் கருதுவதால் வரும் கேள்வி அது. இங்கே ஒரு ரூபாய் செலவானால் அங்கே ஒரு ரூபாய் குறையும் என்ற கணக்கு. உள்ளம் அப்படி இயங்குவதை நான் கண்டதில்லை. தெருநாய்க்குட்டிக்குத் தண்ணீர் வைக்கும் பிள்ளை, முடமான கிழவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. மதீனாவில் ஒரு புதிய சமுதாயத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கியிருந்தவர்களுக்கு ஒரு குருவியைக் கேட்க நேரம் இருந்தது என்பதைவிட வேறு விடை வேண்டுமா?

மறுபுறம் அளவு மீறுதலும் உண்டு. பண்டைய எகிப்தில் வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதெல்லாம் நமக்கு வேண்டாம். பிராணிக்குக் கபன் இல்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை, மூன்றாம் நாள் பாத்திஹாவும் இல்லை. கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி, நாய் நரி கிளறாமல் புதைத்துவிடுவது துப்புரவுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. அழுகைக்கும் எல்லை தெரிந்ததே. ஹிஜ்ரி 10ல் தம் குழந்தை இப்ராஹீம் மடியில் கிடந்து மூச்சடங்கியபோது நாயகத்தின் கண்கள் நீரைப் பொழிந்தன; உடனிருந்தவர் வியந்தபோது அதை இரக்கம் என்றார்கள்; கண் அழும், நெஞ்சு நோகும், நாவு மட்டும் இறைவன் பொருந்தாததைப் பேசாது என்ற கருத்தில் பேசினார்கள். மார்பில் அடித்துக்கொள்வதும் விதியைத் தூற்றுவதுமே விலக்கப்பட்டவை. முள் தைப்பது முதல் மனக்கவலை வரை, விசுவாசிக்கு நேரும் எந்த நோவும் பாவத்துக்குப் பரிகாரமாகாமல் வீண்போவதில்லை என்று ஹதீஸ் வந்திருக்கிறது. முள்ளைக் கணக்கில் சேர்த்தவன், பதினான்கு ஆண்டு உடன் வாழ்ந்த உயிரின் பிரிவைக் கணக்கில் சேர்க்கமாட்டானா?

அரபு இலக்கியத்தில் இது தொடர்பாக ஒரு வேடிக்கை உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த கண்ணிழந்த கவிஞர் இப்னுல் அல்லாஃப், தம் பூனைக்காக நீண்டதோர் இரங்கற்பா பாடினார். அந்தப் பூனை அயலாரின் புறாக்கூண்டுகளுக்குள் புகுந்து குஞ்சுகளைத் தின்றுவந்தது. பொறுக்கமாட்டாத அயலார் அதைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். பாட்டு அரபுலகெங்கும் பரவிற்று. ஆனால் படித்தவர்கள் நம்ப மறுத்தார்கள்! பூனைக்காக ஒரு கவிஞன் இவ்வளவு உருகுவானா? இது உண்மையில் ஹிஜ்ரி 296ல் கொல்லப்பட்ட இளவரசர் இப்னுல் முஃதஸ்ஸுக்காகப் பாடப்பட்டது. அரசருக்கு அஞ்சிப் பூனையின் பெயரில் மறைத்தார் என்றார்கள் சிலர். இல்லை, அமைச்சர் குடும்பத்தில் கொலையுண்ட ஒருவருக்காக என்றார்கள் வேறு சிலர். இப்னு கல்லிகான் இந்த எல்லா விளக்கங்களையும் வரிசையாகத் தருகிறார். அவற்றுள் உண்மை எது என்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் பூனைக்காக அழுதவன் பூனைக்காகத்தான் அழுதான் என்று ஏற்பதற்குக் கற்றோர் அவை எவ்வளவு கூசியது என்பதை அந்த விளக்கங்கள் காட்டிவிடுகின்றன. ஜும்ஆ முற்றத்தின் கூச்சம் புதியதன்று.

உண்மையில் நாம் எதை இழந்து அழுகிறோம்? ஒரு பூனை நமக்குச் சம்பாதித்துக் கொடுப்பதில்லை. ஆறுதல் மொழி பேசுவதில்லை. இதற்கான சொல் நம்மிடம் இருக்கிறது. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்வதற்கு மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். பூனை ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. அது குடிக்க வசதியாக அவர் பாத்திரத்தையே சாய்த்துப் பிடித்தார். மருமகள் வியந்து நோக்கினார். பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவருக்கு எடுத்துரைத்தார். ‘தவ்வாஃபீன்’ என்பது அங்கே வந்துள்ள சொல். கஅபாவை வலம் வருதலாகிய தவாஃபும் இதே வேரில் பிறந்ததே. வீட்டுக்குள் அனுமதி கேளாமல் வந்துபோகும் பணியாளர்களையும் சிறுவர்களையும் பற்றித் திருக்குர்ஆனில் ‘அந்நூர்’ அத்தியாயம் பேசும்போதும் இச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. பூனை வாய் வைத்த தண்ணீர் தூய்மையானது என்ற சட்டத்தை இதிலிருந்து எடுத்தார்கள். சட்டத்துக்குள் ஓர் உறவின் வருணனையும் இருக்கிறது: பூனை என்பது நம்மைச் சுற்றி வருவது.

அது போனபின் வீட்டில் இல்லாமற் போவது அந்தச் சுற்றுதல்தான். மீன்காரர் குரல் கேட்டதும் வாசலுக்கு ஓடும் ஓட்டம், அரிவாள்மணையில் மீன் அரியும்போது காலடியில் உரசும் உடம்பு, மக்ரிபுக்கு விளக்குப் போடும் நேரத்தில் மதில்மேலிருந்து குதிக்கும் ஓசை. நாளின் நேரங்களை அது அளந்து வைத்திருந்தது. இனி அந்த நேரங்கள் வரும், அது வராது. மீன் தலையைப் பழக்க வாசியில் தனியே எடுத்து வைத்துவிட்டு, கை அப்படியே நின்றுபோகும்.

எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள். மக்கள் இருவரும் சபுராளிகள். தஹஜ்ஜுதுக்கு எழும்போது அவருடன் எழுவதற்கு ஒரே ஓர் உயிர் இருந்தது. தொழுகைப் பாயின் ஓரத்தில் வந்து சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூனை. பதினான்கு வயது வரை இருந்து, ஒரு மழைக்காலத்தில் உண்ண மறுத்து, இறந்துபோயிற்று. மூதாட்டி தேறட்டும் என்று, நகரத்துக் கடையிலிருந்து மயிரடர்ந்த வெள்ளைக் குட்டி ஒன்றை மருமகள்மார் விலை கொடுத்து வாங்கி வந்தார்கள். (பூனையின் விலையைப் பெறுவது பற்றி முஸ்லிமில் விலக்கல் வந்திருக்கிறது. இமாம் நவவீ அவர்கள் அதைக் கடுமையற்ற விலக்கலாக, மக்கள் பூனையை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்காக வந்ததாக விளக்குகிறார்கள். தெருவில் குட்டிகள் தாயற்றுக் கத்திக்கொண்டிருக்க ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்குவோர் அந்த விளக்கத்தை ஒருமுறை நினைக்கலாம்.) மூதாட்டி குட்டியைத் தொடவில்லை. எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

“அது போன தடம் இன்னும் காயலை ஆலிம்சா. அதுக்குள்ளே இதைத் தூக்கி மடியிலே வச்சா, அது என்னா நெனைக்கும்?” என்றார் என்னிடம்.

இறந்த பூனை நினைக்குமா நினைக்காதா என்று அவருடன் வாதிடுவது மடமை. அவர் சொன்னது பூனையைப் பற்றியன்று, தம்மைப் பற்றி. இவ்வளவு எளிதில் நிரம்பிவிடும் இடமாக என் உள்ளம் இருக்குமானால், பதினான்கு ஆண்டு நான் வைத்த அன்பு எத்தகையது என்று அவர் கேட்கிறார். நேர்மையான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த விடை, நான் வாழ்நாளெல்லாம் ஓதிக்கொடுக்கும் நஹ்வு இலக்கணத்திலிருந்துதான் வந்தது.

அரபு இலக்கணத்தில் ஒரு பெயரைத் தொடர்ந்து இன்னொரு பெயர் வரும் முறைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘பதல்’. தமிழில் ‘பதில்’, ‘பதிலாள்’ என்று வழங்கும் சொற்களுக்கு உறவு. பதல் வந்துவிட்டால் வாக்கியம் உண்மையில் குறிப்பது இரண்டாவது பெயரையே. முன்னே வந்த பெயர் நீக்கிவிட்டாற்போன்ற நிலையில் இருக்கும் என்பது இலக்கணிகள் துணிபு. அதன் வகைகளுள் ஒன்றான பிழைப் பதலில், முதலிற் சொன்னது நாத்தவறி வந்தது என்று ஒரேயடியாக ஒதுக்கப்பட்டுவிடும். இன்னொரு முறை ‘அத்ஃப்’. ‘வ’ என்னும் எழுத்தால் இரண்டு பெயர்களை இணைப்பது. ஸைதும் வந்தான், அம்ரும் வந்தான். நம் தமிழில் எண்ணும்மை என்கிறோமே, அதுதான். இந்த ‘வ’வுக்கு இணைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, முந்தியவன் யார் பிந்தியவன் யார், உயர்ந்தவன் யார் தாழ்ந்தவன் யார் என்பதை அது சொல்லாது என்பதே பெரும்பாலான இலக்கணிகளின் முடிவு. இரண்டாவது பெயர் வந்ததால் முதற்பெயர் அழிவதில்லை. இரண்டுக்கும் வாக்கியத்தில் முழு இடம் உண்டு.

மருமகள்மார் கொண்டுவந்தது பதல். சாம்பலுக்குப் பதில் வெள்ளை. அழுகை நிற்க ஒரு பதிலாள். மூதாட்டியின் உள்ளம் அதை மறுத்தது இலக்கணப்படி முற்றிலும் சரி. ஆனால் புதிய உயிர் பதலாகத்தான் வரவேண்டும் என்று யார் விதித்தார்கள்? அத்ஃபாக வரலாம். போன பூனையும், வந்த பூனையும்.

இன்னும் சொல்லப்போனால், உயிரில் பதல் என்பது கிடையாது என்பதற்கு விஞ்ஞானமே சாட்சி கூறிவிட்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் உலகின் முதல் நகலாக்கப் பூனை பிறந்தது. சிசி என்று பெயர். மூவண்ணப் பூனை ஒன்றின் உயிரணுவிலிருந்து, மரபுக்கூறு எதுவும் மாறாமல், அப்படியே உண்டாக்கப்பட்டது. மாண்ட செல்லப்பிராணியைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று பணம் படைத்தோர் பலர் ஆவலுடன் எதிர்பார்த்தார்கள். பிறந்த குட்டியோ நிறத்தில்கூடத் தாய்ப்பூனையை ஒத்திருக்கவில்லை. மூலப்பூனையிடம் இருந்த செம்மஞ்சள் நிறமே அதனிடம் இல்லை. பெண்பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று அடங்கிவிடும். நிறம் அதைப் பொறுத்து அமைவதால் நகல் எடுத்தாலும் நிறம் நகலாகாது என்பது அறிஞர் விளக்கம். சிசி தன் வழியில் தனிப் பூனையாகவே வாழ்ந்து, குட்டிகள் ஈன்று, 2020ல் தன் பதினெட்டாம் வயதில் மறைந்தது. ஆய்வுக்கூடத்தாலும் பதல் செய்ய முடியவில்லை. இன்னொரு பூனையைத்தான் செய்ய முடிந்தது.

இந்த இலக்கண வேறுபாடு பெரியோர்களின் வாழ்விலும் துலங்குவதைக் குறிப்பிட விரும்புகிறேன். உயிர்களை நான் ஒப்பிடவில்லை. அத்தகைய அவமரியாதையிலிருந்து அல்லாஹ் காப்பானாக. உள்ளம் இயங்கும் முறையை மட்டுமே காட்டுகிறேன். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் ஆடு அறுத்தால் அவர்களின் தோழியர் வீடுகளுக்கு நாயகம் இறைச்சி அனுப்புவார்கள். ஒருமுறை ஆயிஷா (ரலி) அவர்கள் பொறாமை மேலிட, அவரைவிடச் சிறந்தவரை இறைவன் உங்களுக்குப் பகரமாகத் தந்துவிட்டானே என்றார்கள். அவர்கள் ஆண்ட வினைச்சொல் ‘அப்தல’ – பதல் என்ற அதே வேர். அண்ணலார் அதே வினைச்சொல்லை எடுத்து மறுத்தார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஆயிஷா நாயகியின் மீது வைத்த அன்பு குறைந்ததால் அன்று. கதீஜா நாயகியின் இடம் யாராலும் நீக்கப்படாதது என்பதால்.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் செய்தியும் அத்தகையதே. ஹிஜ்ரி 4ல் கணவர் அபூ ஸலமா மறைந்தபோது, இழப்புக்குப் பின் நல்லதொன்றைத் தருமாறு இறைஞ்சும் துஆவை, நாயகம் கற்பித்தபடியே ஓதினார்கள். ஓதும்போதே, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று உள்ளம் கேட்டது என்பதையும் அவர்களே மறைக்காமல் அறிவித்திருக்கிறார்கள். பின்னர் நாயகத்தின் துணைவியாரானார்கள். ஆனால் பெயரைப் பாருங்கள்! முதற் கணவரின் பிள்ளையால் வந்த ‘உம்மு ஸலமா’ என்ற பெயரிலேயே இறுதிவரை வாழ்ந்தார்கள். இன்றும் அப்படியே அழைக்கிறோம். முதல் வாழ்வை அழித்துவிட்டு இரண்டாம் வாழ்வுக்குள் புக வேண்டும் என்று அந்த இல்லத்தில் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சந்தனக்கூட்டுக் கடைத்தெருவில் சாயம் பூசிய கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுப்பார்கள்; சில நாளில் இறந்துவிடும். தொட்டி மீன் ஒருநாள் காலையில் மல்லாந்து மிதக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வாப்பா ஓடிப்போய் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து வைத்துவிடுவார். பிள்ளைக்குத் தெரியாது என்று எண்ணிக்கொள்வார். (கிளியாயிருந்தால் அந்த வேலையும் ஆகாது, நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) ‘வா, தருகிறேன்’ என்று குழந்தையை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நாயகம் கேட்டு, அவள் பேரீச்சம்பழம் என்றதும், ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்த செய்தி அபூதாவூதில் உண்டு. இறந்த மீனை மறைத்துப் புது மீனை வைப்பதும் அத்தகைய பொய்யே. அதனினும் மோசமானது, போன உயிருக்கு எடையில்லை என்று அந்தப் பிள்ளைக்குக் கற்பிப்பது. அழட்டும். குழி தோண்டுவதற்குக் கூடவே வரட்டும். நான்கு நாள், நான்கு வாரம் ஆகட்டும். பிறகு அதுவே கேட்கும். அல்லது தெருவில் ஒரு குட்டி அதைப் பின்தொடர்ந்து வந்து நிற்கும்.

மூதாட்டியிடம் பதலையும் அத்ஃபையும் எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“அதெல்லாஞ் சரிதான் ஆலிம்சா. எனக்கு வயசு எண்பத்திரெண்டு. இது இன்னும் பதினைஞ்சு வருசம் கெடக்கும். நான் மௌத்தாப் போனா இதை யாரு பாப்பா? தெருவுலதானே கொண்டு விடுவாக?”

நான் வாயடைத்துப் போனேன். பழைய பூனைக்குச் செய்யும் துரோகத்தைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் புதிய பூனைக்குச் செய்யக்கூடிய துரோகத்தை எண்ணிக் கலங்கிக்கொண்டிருந்தார். இதற்கு இலக்கணத்தில் விடை இல்லை. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற ஹதீஸை அறியாத முஸ்லிம் இல்லை. உள்ளத்தைத் திறப்பது என்றால் உணர்ச்சியைத் திறப்பது மட்டுமன்று. இன்னோர் உயிரின் பசியையும் நோயையும் முதுமையையும் பொறுப்பேற்பது. ‘நான் முன்னால் போய்விட்டால்?’ என்று எண்பத்திரண்டில் ஒருவர் கேட்பது முப்பதில் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாமோ கேட்பதில்லை. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கி, விடுமுறை முடிந்ததும் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மதரஸாவில் நான்காம் ஆண்டு ஓதுகிற சிறுமியின் தாய். குட்டி தம் வீட்டில் இருக்கட்டும், பெரியம்மா திண்ணையில் உட்காரும்போது வந்து போகட்டும் என்றாள். இப்போது அப்படித்தான் நடக்கிறது. குட்டி அங்கே உறங்குகிறது. இங்கே மீன் தலை தின்கிறது. மூதாட்டி இன்னும் அதற்குப் பெயரிடவில்லை. ‘புதுசு’ என்று மட்டும் அழைக்கிறார். சில நாட்களில் வாய் தவறிப் பழைய பூனையின் பெயரால் அழைத்துவிட்டு, உடனே திருத்திக்கொள்கிறாராம். தொழுகைப் பாயின் ஓரத்துக்கு அது இன்னும் வரவில்லை. வருமா என்பது அதற்கும் அவருக்கும் இடையே உள்ள விஷயம்.

அபூ உமைரின் வீட்டுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குருவிக்காக வாடிய அந்தச் சிறுவரும் நீண்ட நாள் வாழவில்லை. அபூ தல்ஹா வெளியே சென்றிருந்தபோது இறந்துபோன குழந்தை இவர்தாம் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் பலர் எழுதுகிறார்கள். கணவர் திரும்பி வந்தபோது உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் உடனே சொல்லவில்லை. உணவளித்து, இளைப்பாற விட்டு, பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள்: இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திரும்பக் கேட்டால் தரமாட்டோம் என்று மறுக்கலாமா? கூடாது என்றார் அவர். அதன்பின்தான் மகனின் செய்தியைச் சொன்னார்கள். அந்தத் தம்பதியருக்கு நாயகம் அவர்கள் பரக்கத் வேண்டித் துஆச் செய்தார்கள்.

மீண்டும் ஒரு மகன் பிறந்தபோது அனஸ் (ரலி) அவர்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு நாயகத்திடம் சென்றார்கள். அப்போது பெருமானார் ஒரு கம்பளி அங்கியைப் போர்த்தியவர்களாகத் தம் ஒட்டகத்துக்குத் தம் கையாலேயே தார் பூசிக்கொண்டிருந்தார்கள். பேரீச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அனஸ் சில பழங்களைக் கொடுக்க, அவற்றை மென்று குழந்தையின் வாயைத் திறந்து உள்ளே வைத்தார்கள். குழந்தை நாவைச் சுழற்றிச் சுவைத்தது. அன்சாரிகளுக்குப் பேரீச்சம்பழத்தின் மீது எவ்வளவு பிரியம் என்று சொல்லி, அதற்கு அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டினார்கள்.